பிஸ்கட்டுக்கு வரைபு, மலைக்குக் கறுப்புக் கட்டம்

நான் வேலை செய்வது கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் உள்ள ஒரு விநியோக நிறுவனத்தில். பிஸ்கட், சவர்க்காரம், பற்பசை, நூடில்ஸ். எந்தப் பிஸ்கட் எந்த ஊரில் எவ்வளவு போனது என்பதை மாதம் முடிந்ததும் முதலாளிக்குக் காட்டுவது என் பொறுப்பு. முதலாளி அக்குறணைக்காரர். தாளைக் கையில் எடுத்துத் தேநீரில் ஒரு வாய் குடிப்பதற்குள் அவருக்கு விஷயம் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் தாள் என் மேசைக்கே திரும்பி வரும்.

"என்ன புள்ள இது, சோதினப் பேப்பரா? எந்த ஊருல விழுந்திருக்கு, எந்த ஊருல ஏறியிருக்கு, அது மட்டும் சொல்லுங்க."

அப்படித் திரும்பி வந்த தாள்களில்தான் நான் தொழிலைக் கற்றேன். தசமப் புள்ளிகளை விட்டுவிட வேண்டும். ஊர்களை அகர வரிசையில் அடுக்காமல் விற்பனை கூடியது மேலே, குறைந்தது கீழே என்று அடுக்க வேண்டும். கோட்டின் பெயரை ஒரு மூலையில் சின்னப் பெட்டிக்குள் போடாமல் கோட்டின் நுனியிலேயே எழுத வேண்டும். முக்கியமானது எதுவோ அது கண்ணில் முதலில் பட வேண்டும்; மற்றவை விலகி நிற்க வேண்டும்.

ஒரு ஊரில் க்ரீம் பிஸ்கட் கொஞ்சம் குறைவாகப் போனால் அதைக் கண்டுபிடிக்க நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறோம். என் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்ற மலை சரியப் போகிறது என்ற செய்தி எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கறுப்புக் கட்டமாக வந்து சேர்ந்தது. கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கண்டி நகருக்கு மறுபக்கம் அம்பிட்டியவில், ஏறிப்போகும் ஒரு குறுகிய தெருவில், ஒழுங்கை என்போம், அதன் கீழ்ப்பாதியில் இருக்கிறது. மலையை வெட்டித்தான் இங்கே எல்லோரும் வீடு கட்டியிருக்கிறார்கள். நாங்கள் சமைக்கும் குசினியின் பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். கணவருக்குக் கொழும்பில் வேலை. வார இறுதியில் வருவார். மற்ற நாட்களில் நானும் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளும் மட்டும். அவளுக்குப் படிக்க விருப்பமான இடம் குசினி மேசை. பின் யன்னலால் நல்ல வெளிச்சம் வரும் என்பாள். அந்த யன்னலுக்கு அப்பால் தெரிவது மண்ணும் புல்லும்தான்.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரு நலன்புரிச் சங்கம் உண்டு. அதன் செயலாளர் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கண்டி நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வீடு ஒழுங்கையின் உச்சியில், மலை முடிந்து நிலம் தட்டையாகும் இடத்தில். எப்போதோ ஒரு திட்டத்தின் கீழ் சங்கத்துக்கு ஒரு மழைமானி கொடுத்தார்கள். அது அவர் முற்றத்தில் நிற்கிறது. தினமும் காலையில் அதை வாசித்து ஒரு அட்டவணையில் பதிவது அவர் வேலை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அதன் மட்டத்தையும் அதே அட்டவணையில் சேர்ப்பார். அவர் சோம்பேறி அல்ல. குடை பிடித்துக்கொண்டு வாசிக்கப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த அட்டவணை! தலைப்புகள் மூன்று மொழியில், ஒன்றின் மேல் ஒன்றாக, எறும்பு ஊர்ந்த மாதிரி. திகதி, இன்றைய மழை, நேற்றைய மழை, மாத மொத்தம், போன வருடம் இதே நாள், சராசரி, மழைமானியின் நிலைமை, வாசித்தவர் கையொப்பம். எல்லா எண்ணுக்கும் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். இவ்வளவையும் தாண்டி, கையொப்பத்துக்கும் பிறகு, தாளின் விளிம்பில் ஒரு ஒடுங்கிய நிரல். எச்சரிக்கை மட்டம். ஒன்று என்றால் கவனம், இரண்டு என்றால் ஆயத்தம், மூன்று என்றால் வெளியேறு; இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்தக் கட்டங்களுக்கு அவர் கணினியில் நிறமும் போட்டிருந்தார்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு.

நிறத்தில் அச்சடிக்கச் செலவு கூட என்று சங்கம் தீர்மானம் எடுத்திருந்தது. ஆகவே அச்சு கறுப்பு வெள்ளையில். அதைக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்து பஸ் தரிப்பிடத்துப் பலகையில் ஒட்டுவார்கள். மஞ்சள் கட்டம் வெள்ளையாகத் தெரியும். உள்ளே 1 பளிச்சென்று இருக்கும். செம்மஞ்சள் சாம்பலாகும், 2 தெரியும். சிவப்பு கறுப்பாகிவிடும். கறுப்புக்குள் கறுப்பு மையில் 3. ஆபத்து ஏற ஏற எழுத்து மங்கும்படி ஒருவர் வேண்டுமென்றே யோசித்துச் செய்தாலும் இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

அதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதுவரை மூன்று வந்ததே இல்லை.

அந்த வாரம் மழை விடவே இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டார்கள். பிஸ்கட்டுக்கு விடுமுறை இல்லை. காலையில் பஸ் தரிப்பிடத்தில் நானும் முன்வீட்டு அக்காவும் நின்றோம். அவர் மாநகர சபையில் கிளார்க். பலகையில் புதுத் தாள். வழக்கமாக எண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

"என்னக்கா இது, மை கொட்டுப்பட்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

அக்கா குடையை என் கையில் தந்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அடிச்சு விட்டிருக்காங்க போல. நேத்து ரெண்டுன்னு போட்டிருந்தாங்க. இன்னைக்கு கேன்சல் பண்ணிட்டாங்களோ என்னவோ."

"உள்ளுக்க ஏதோ எழுதிக் கிடக்கு."

"ஆமா, மூணு மாதிரி இருக்கு." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "மூணுன்னா பரவாயில்லைங்க. ஒண்ணுதானே பெருசு. நேத்து ரெண்டாவதா இருந்தோம், இன்னைக்கு மூணாவதுக்கு இறங்கிட்டோம்."

நான் சிரித்தேன். நாங்கள் இருவரும் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்று வளர்ந்தவர்கள். ஒன்று என்றால் உச்சம் என்பது எங்கள் எலும்பில் ஊறியது. மூன்று என்றால் ஓடு என்று விளக்கும் ஒரு வரி அந்தத் தாளில் எங்கும் இல்லை. போன வருடம் இதே நாளில் எவ்வளவு மழை பெய்தது என்பது தசமத்தோடு இருந்தது. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டோம்.

அந்த அட்டவணை வேறொரு வழியாலும் போய்க்கொண்டிருந்தது. செயலாளர் தன் கணினித் திரையில் இருப்பதை அப்படியே, நிறத்தோடு, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். குழுவில் வீட்டுக்கு ஒரு நம்பர் மட்டும். வீட்டுத் தலைவரின் நம்பர். எங்கள் வீட்டுத் தலைவர் கிழமை நாட்களில் கொழும்பில். ஆகவே சிவப்பு கொழும்புக்குப் போனது. கறுப்பு மலையடியில் நின்றது.

அடுத்து நடந்ததை மகள் சொல்லித்தான் அறிவேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் வெறும் குரலில், பாடம் ஒப்புவிப்பது போலச் சொல்வாள்.

எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் முன் யன்னல் விளிம்பு. போன் அங்கே இருந்தது. அவள் குசினி மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். கறண்ட் இல்லை. போன் அடித்தது. விட்டு விட்டு மறுபடி அடித்தது. அப்பாவாகத்தான் இருக்கும் என்று கணக்குக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்?"

"வீட்டிலதான். ஏனப்பா?"

"உடன வெளிக்கிட்டு றோட்டுக்கு வா. சிவப்புப் போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு? அம்மா போர்ட்டைப் பாத்திட்டுத்தானே போனவ. ஒண்டும் சொல்லேல்ல."

"நான் சொல்லுறன், வா எண்டு."

"மழைக்குள்ளயோ? அப்பா, குடையை அம்மா கொண்டு போயிட்டா."

இப்படி இருவரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் சத்தம் கேட்டதாம். லொறியில் இருந்து கல் இறக்குவது போல, நின்று நின்று, பிறகு நிற்காமல். அவள் யன்னலடியிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் ஒரு காற்று வந்ததாம், மண் வாசத்தோடு. போனில் அப்பா மட்டும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

பிறகு கணவர் என்னை அழைத்துச் சொன்னார். வழியெல்லாம் தடைப்பட்டிருந்தது. கண்டியிலிருந்து நடந்துதான் நான் வீட்டுக்குப் போனேன். அவள் முன்வீட்டு வாசலில் ஒரு துவாயைப் போர்த்தபடி கணக்குக் கொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "அம்மா, ஃபிரிட்ஜ் போயிட்டுது" என்றாள்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். போகவேண்டாம் என்றார்கள், போனேன். குசினி இல்லை. யன்னல் உயரத்துக்குச் சேறு. மேசை எங்கே என்று தெரியவில்லை. அவள் இருந்த கதிரையின் முதுகு மட்டும் சேற்றுக்கு வெளியே சாய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது.

சேதம் கணக்கெடுக்க வந்தார்கள். அவர்களிடமும் ஒரு அட்டவணை இருந்தது. எங்கள் வரியில் பகுதிச் சேதம் என்று எழுதி, இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் என்ற மூன்று நிரலிலும் பூச்சியம் போட்டார்கள். சரியான கணக்குத்தான். நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு தொலைபேசி அழைப்பு கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்தப் பூச்சியங்களில் ஒன்று மாறியிருக்கும் என்பதற்கு எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை.

சுவரைக் கட்டி மண்ணை அகற்றிய பிறகு எங்களைத் திரும்பிப் போக விட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. வெயில் காலத்தில் இருக்கலாம். எச்சரிக்கை வந்தால் வெளியேற வேண்டும். வேறு காணி வாங்க எங்களால் இயலாது. ஆகவே நாங்கள் அந்த வீட்டில் உயிரோடு இருப்பது முழுக்க முழுக்க பஸ் தரிப்பிடத்துப் பலகையில் தொங்கும் ஒரு தாளை நம்பியது என்றாகிவிட்டது. அடுத்த மழை வருமுன் அந்தத் தாள் மாற வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சங்கக் கூட்டம் முன்பள்ளி மண்டபத்தில் நடந்தது. அங்கே உள்ளவை சின்னப் பிள்ளைகளின் கதிரைகள். பெரிய பெரிய மனிதர்கள் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் பலகையிலிருந்து கழற்றி வைத்திருந்த, மலை சரிந்த அன்றைய தாளை எடுத்து, கடைசி நிரலில் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்கச் சொல்லி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். ஒருவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒருவர் நகத்தால் சுரண்டினார். முன்வீட்டு அக்கா மட்டும் வாங்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்.

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தங்கச்சி, எல்லாத் தகவலும் அதுல இருக்குதுங்களே. ஒண்ணையும் நான் மறைக்கலையே."

"மறைச்சனீங்கள் எண்டு நான் சொல்லேல்ல, ஐயா. இவ்வளவு கூட்டத்துக்குள்ள ஒரு ஆளைத் தேடச் சொல்லுறீங்கள். அதுவும் கறுப்பு உடுப்புப் போட்ட ஆளை, இருட்டுக்குள்ள."

"என் கம்ப்யூட்டர்ல சிவப்பாத்தான் இருந்துச்சு. நல்லா தெரிஞ்சிச்சு."

"உங்கட கொம்பியூட்டருக்குப் பின்னால மலை இல்லை, ஐயா."

சிலர் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் சொல்லவில்லை. அவர் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தார்.

"இது ஒரு ரெக்கோர்டுங்க. நாளைக்கு யாராவது வந்து கேட்டா, நாங்க ஒழுங்கா வாசிச்சோம்னு காட்டணும். சைன் எங்க, சராசரி எங்கன்னு கேப்பாங்க."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த அட்டவணை எங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. என்றாவது ஒருநாள் வரக்கூடிய ஒரு மேலதிகாரிக்காக எழுதப்பட்டது. அவர் வரும்வரை நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு மலையடியில் இருக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பதும் சொல்வதும் ஒன்றென்று நினைக்கிறார்கள். இந்த ஒரு குழப்பத்தால்தான் இந்த நாட்டின் பலகைகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

"ஐயா, ரெக்கோர்ட் உங்கட அலுமாரிக்குள்ள இருக்கட்டும். பலகைக்கு வேற வேணும். ஒரு சலாகை வரைபு, பட்டை மாதிரிக் கீறுறது. மழை எவ்வளவு ஏறியிருக்கு, எந்தக் கோட்டைத் தாண்டினால் ஓட வேணும். அவ்வளவும்தான்."

பின்வரிசையில் இருந்த ஒருவர், அவர் வீடும் உச்சியில்தான், முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கிராஃப் எல்லாம் ஸ்கூல் புள்ளைங்களுக்குங்க. பிஸ்கட் கணக்கு போடுற தங்கச்சி, மலைக் கணக்கையும் போட்டுட்டா போச்சு."

நக்கலுக்குத்தான் சொன்னார். "சரி, நான் போடுறன்" என்றேன். கூட்டம் முடிந்தது.

முதலில் வரைந்தது உதவவில்லை. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, பிஸ்கட்டுக்குச் செய்வது போல அழகாகச் செய்தேன்: நீலத்தில் மழை, மூன்று நிறத்தில் மூன்று கோடு, ஓரத்தில் விளக்கப் பெட்டி. அச்சடித்து, கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைக் கொப்பி எடுத்து, அதையும் மெஷினில் வைத்தேன். முதலாளி வந்து பின்னால் நின்றார்.

"என்ன புள்ள செய்றீங்க? கொப்பிட கொப்பிட கொப்பியா?"

"மலைக்கு, முதலாளி."

"மலைக்கு எதுக்கு கொப்பி?"

சொன்னேன். நடந்ததை அவர் ஏற்கெனவே அறிவார். அன்று என்னை வீட்டுக்குப் போகச் சொல்லித் துரத்தியவர் அவர்தான். வெளியே வந்த தாளை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எது ஓடச் சொல்ற கோடு? மூணும் ஒரே மாதிரிதான் கெடக்கு."

உண்மைதான். மூன்று கோடும் ஒரே சாம்பல். விளக்கப் பெட்டியில் சாம்பல், சாம்பல், சாம்பல் என்று மூன்று புள்ளி. யாரைத் திட்டித் திட்டி இதைத் தொடங்கினேனோ, அவர் செய்ததையே நானும் செய்திருந்தேன்.

"புள்ள, தாள் எவ்வளவும் எடுங்க. ஆனா அந்தக் கோட்டுல வாயத் தொறந்து எழுதிடுங்க, ஓடுன்னு."

நிறத்தை முழுதாக விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடித்த சலாகை, மழைமானிக் குழாயில் தண்ணீர் ஏறுவது போல. குறுக்கே மூன்று கோடு, கீழிருந்து மேலே: மெல்லியது, நடுத்தரம், விரல் தடிப்பில் ஒன்று. கோடுகளை எங்கே போடுவது என்பது மழைமானியோடு வந்த தாளிலேயே இருந்தது. கோட்டின் மேலேயே சிங்களத்திலும் தமிழிலும் எழுதினேன். கவனமாக இருங்கள். பையைக் கட்டுங்கள். வீட்டை விட்டுப் போங்கள். உத்தியோகபூர்வ எச்சரிக்கை வந்தால் அதற்கு எண் இல்லை. அதே சொற்கள், தாளின் தலையில், உள்ளங்கை அளவில். எத்தனை தடவை கொப்பி எடுத்தாலும் அது மங்கவில்லை. மங்கினாலும் வாசிக்கலாம். தசமம் இல்லை, சராசரி இல்லை, போன வருடம் இல்லை. மகளிடம் காட்டி ஒன்றும் சொல்லாமல் நின்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க போறது எண்டு போடேல்லயே" என்றாள். தடித்த கோட்டில் முன்பள்ளி மண்டபம் என்று சேர்த்தேன்.

சங்கம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பின் என்ன செய்தார்கள் தெரியுமா? தாள் வீணாகக் கூடாது என்று என் வரைபைச் சுருக்கி, பழைய அட்டவணையின் மூலையில், கையொப்பத்துக்குப் பக்கத்தில், தபால் முத்திரை அளவில் ஒட்டிவிட்டார்கள். பலகையின் முன் நின்று அதைப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. வீட்டுக்குப் போய், பெரிய தாளில், தடித்த மார்க்கரால் கையாலேயே வரைந்து, அவர்களுடைய தாளுக்கு மேலேயே ஒட்டினேன். மார்க்கரை ஒரு நூலில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டேன். பிறகு உச்சி வரை ஏறிப்போய்ச் செயலாளரின் கதவைத் தட்டினேன்.

"ஐயா, நீங்கள் வழமை மாதிரி வாசியுங்கோ. வாசிச்சிட்டு அந்தச் சலாகையை மட்டும் மையால ஏத்தி விடுங்கோ. மற்றதெல்லாம் உங்கட விருப்பம்."

"ரெக்கோர்டு?"

"கொப்பியில எழுதுங்கோ."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "அந்தப் புள்ள இப்ப எங்க உக்காந்து படிக்குது?" என்று கேட்டார்.

"முன்னுக்கு. யன்னலடியில."

மறுநாள் சலாகை ஏறியிருந்தது. மழை இல்லாத நாள். அடியில் ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தார், தன் கையொப்பத்தோடு.

பிறகு மழை வந்தது. வரும்தானே. அன்று பிலிமத்தலாவையில் லேசான தூறல்தான். கண்டியில் பஸ் மாறும்போது கொட்டிக்கொண்டிருந்தது. மகளுக்குப் போன் எடுத்தேன், அழைப்புப் போகவில்லை. அம்பிட்டியவில் இறங்கியதும் பலகையைத்தான் பார்த்தேன். மழை அடித்துத் தாள் ஒரு பக்கம் கழன்றிருந்தது. சலாகை முதல் கோட்டையும் இரண்டாவதையும் தாண்டி, தடித்த கோட்டைக் குத்திக்கொண்டு மேலே போயிருந்தது. மை வழிந்து, சலாகையின் அடியில் கால் முளைத்த மாதிரி இருந்தது. அப்படியும் தூரத்திலிருந்தே தெரிந்தது.

வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. முன்வீடும் பூட்டியிருந்தது. கீழ்ப்பாதி முழுவதும் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. என் வீட்டின் பூட்டைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அது திறக்காதது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

மண்டபத்தில் மகள் சின்னக் கதிரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆர் சொன்னது வரச்சொல்லி?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. கடைக்குப் போகேக்க பாத்தன்." பிறகு, கொப்பியிலிருந்து நிமிராமலே, "கடைசிக் கோடு கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு, அம்மா. அடிமட்டம் வைச்சுக் கீறேல்லயோ?"

மலை அன்று சரியவில்லை. மறுநாள் மழை விட்டது. இரவு முழுக்கச் சின்னக் கதிரையில் கிடந்து கழுத்துப் பிடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் என் காதுபடவே, "பிஸ்கட் கிராஃப நம்பி வந்து முதுகு போச்சு" என்றார். முதுகு இருக்கிறதே என்று எனக்கு வாய் வரை வந்தது. முன்வீட்டு அக்காதான் முந்திக்கொண்டார். "கழுத்து வலிக்குதுன்னா கழுத்து இருக்குன்னு அர்த்தங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

வீடு திரும்பும்போது செயலாளர் பலகையடியில் நின்றார். கழன்ற பக்கத்தைப் பசைநாடாவால் ஒட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மார்க்கர் மை.

"தங்கச்சி, ஒரு பிரச்சினை இருக்குது." தாளின் மேல் விளிம்பைக் காட்டினார். "தடிச்ச கோட்டுக்கு மேல இடமே விடல நீங்க. நேத்து இன்னும் கொஞ்சம் பெஞ்சிருந்தா தாள் பத்தாம போயிருக்கும். எங்க ஏத்துறது?"

உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அவருக்கு அது முடிக்கப்படாத ஒரு பதிவு.

"ஏத்த வேண்டாம், ஐயா. அதுக்கு மேல ஏறினால் பாக்கிறதுக்கு நாங்கள் இங்க நிக்க மாட்டம்."

அவர் தாளைப் பார்த்தார். மகள் அதற்குள் ஒழுங்கையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள், பை ஒரு தோளில். பின்னால், அவளுக்கு மேலே, மலை ஈரத்தோடு அப்படியே நின்றது.